சனிக்கிழமை அடித்த டை, திங்கட்கிழமை வீங்கிய முகம்: தாமத ஒவ்வாமை எப்படி நடக்கிறது?

ஒருவர் சனிக்கிழமை தலைக்கு டை அடிக்கிறார். அன்று ஒன்றும் ஆகவில்லை. ஞாயிறு மாலை காதோரம் லேசான நமைச்சல். திங்கள் காலை இமை வீங்கி, நெற்றியோரம் சிவந்து, பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம். உடனே எல்லோரும் ஞாயிறு இரவு என்ன சாப்பிட்டார், திங்கள் காலை எந்த சோப்பைத் தொட்டார் என்று துருவ ஆரம்பிப்பார்கள். அலர்ஜி மாத்திரை போட்டால் தூக்கம் வரும், வீக்கம் போகாது. ரத்தத்தில் அலர்ஜி டெஸ்ட் எடுத்தால் எல்லாம் நார்மல் என்று வரும். கடைசியில் "சூடு போல இருக்கிறது" என்று முடித்துவிட்டு, அடுத்த மாதம் அதே டையை மறுபடி அடிப்பார். அந்த முறை வீக்கம் இன்னும் மோசமாக இருக்கும்.

இதில் சந்தேகம், மாத்திரை, டெஸ்ட் மூன்றுமே தவறு. அலர்ஜி என்றால் உடம்பில் ஒரே ஒரு வழியில்தான் நடக்கும் என்ற எண்ணம்தான் மூன்றுக்கும் வேர். உண்மையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு வேலைகளை நாம் ஒரே பெயரில் அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

வாசல் நாயும் காவல் நிலையமும்

ஒரு வீட்டுக்குள் அந்நியர் நுழைகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் கட்டிப்போட்ட நாய் அந்த நொடியே குரைக்கும். அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது, யாருக்கும் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. காவல் நிலையத்திலிருந்து ஆள் வருவது வேறு கதை. யாராவது பார்க்க வேண்டும், தகவல் போக வேண்டும், வண்டி கிளம்ப வேண்டும், கூட்டம் சேர வேண்டும். நேரமாகும். ஆனால் வந்துவிட்டால் லேசில் போகாது.

வேர்க்கடலையோ இறாலோ சாப்பிட்ட சில நிமிடங்களில் உதடு வீங்குவது நாய் குரைக்கிற வகை. ஆன்டிபாடி என்பது ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டும் பிடித்துக்கொள்ளும்படி உடம்பு செய்து வைக்கும் புரதம். அதில் ஐஜிஇ என்ற ரகம், தோலிலும் சளிச்சவ்விலும் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் முன்கூட்டியே ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. பொருள் வந்து தொட்டதும் மாஸ்ட் செல் தன்னுள் தயாராக வைத்திருக்கும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டுகிறது. ரத்தக்குழாய் விரிந்து நீர் கசிகிறது, தடிப்பு எழும்புகிறது. எல்லாம் நிமிடக் கணக்கு.

தாமத ஒவ்வாமையில் ஆன்டிபாடிக்கு வேலை இல்லை. அங்கே வேலை செய்வது டி செல்கள்: ரத்தத்திலும் நெறிகட்டிகளிலும் திசுக்களிலும் சுற்றிவரும் வெள்ளணுக்களில் ஒரு வகை. ஒவ்வொரு டி செல்லும் தனக்கென்று ஒரே ஒரு அடையாளத்தை மட்டும் கண்டுகொள்ளும். அவை வந்து சேர்ந்து, மற்றவற்றைக் கூப்பிட்டு, கூட்டம் கூடுவதற்குப் பிடிக்கும் நேரம்தான் அந்த இரண்டு நாள். உவமை இவ்வளவு தூரம்தான் வரும். உண்மையில் ஊறு செய்வது பெரும்பாலும் வந்தவன் அல்ல, பிடிக்க வந்த கூட்டமே.

1963-இல் ஜெல், கூம்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் ஒவ்வாமை வினைகளை நான்காகப் பிரித்தார்கள். உடனடி வகை முதலாவது, தாமத வகை நான்காவது. நடுவில் உள்ள இரண்டும் வேறு ஆன்டிபாடிகளால் நடப்பவை, அவை இங்கே தேவையில்லை.

செல்தான் செய்கிறது என்று எப்படித் தெரியும்?

இரண்டு பழைய சோதனைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று புரியும். 1921-இல் பிராவ்ஸ்னிட்ஸ் என்பவர், மீன் ஒத்துக்கொள்ளாத தன் சக ஆய்வாளர் கூஸ்ட்னரின் சீரத்தை எடுத்துத் தன் தோலில் ஊசியாகப் போட்டுக்கொண்டார். சீரம் என்பது செல்களை நீக்கிய ரத்த நீர். பிறகு அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியதும் தடிப்பு எழுந்தது. உடனடி வகை அலர்ஜி, செல் இல்லாத ரத்த நீரில் பயணம் செய்கிறது என்பது தெரிந்தது.

1942-இல் லாண்ட்ஸ்டைனரும் சேஸும் கினிப் பன்றிகளில் தாமத வகையை வைத்து இப்படிச் செய்து பார்த்தார்கள். சீரத்தை மாற்றினால் ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வாமை உள்ள பன்றியின் வெள்ளணுக்களை மாற்றியபோது, வாங்கிக்கொண்ட பன்றிக்கும் ஒவ்வாமை வந்தது. ரத்தத்தில் ஐஜிஇ தேடும் டெஸ்ட் ஏன் தாமத ஒவ்வாமையைக் காட்டிக்கொடுக்காது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்த டெஸ்ட் தேடும் பொருளுக்கு இந்த வினையில் பங்கே கிடையாது.

முதல் கட்டம்: வெளியே தெரியாத பத்து நாள்

தாமத ஒவ்வாமை இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் உடம்பு அந்தப் பொருளை எதிரியென்று 'கற்றுக்கொள்கிறது'. இதற்கு வழக்கமாகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அந்த நாட்களில் பெரும்பாலும் தோலில் எந்தத் தடயமும் இருக்காது.

தோலில் ஒவ்வாமை தரும் பொருள்கள் பெரும்பாலும் மிகச் சிறிய மூலக்கூறுகள், பொதுவாக 500 டால்டனுக்குக் குறைந்த எடையுள்ளவை. சிறியவை என்பதால்தான் தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே நழுவ முடிகிறது. ஆனால் அவ்வளவு சிறியதை டி செல்லால் தனியாகக் கண்டுகொள்ள முடியாது. அது உள்ளே போய் நம் தோலின் சொந்தப் புரதம் ஒன்றோடு ஒட்டிக்கொள்ளும்போதுதான் அந்தப் புரதம் 'அந்நியமாக'த் தெரிகிறது. இப்படித் தனியாக ஒன்றும் செய்யாமல், புரதத்தோடு சேர்ந்தால் மட்டும் எதிர்ப்பைத் தூண்டும் சிறு மூலக்கூறுக்கு ஹேப்டன் என்று பெயர். நிக்கல், குரோமேட், டையில் உள்ள பாரா-ஃபினைலீன்-டைஅமீன் எல்லாம் இந்த வழியில் வருபவை.

மாற்றமடைந்த புரதத்தை, தோலில் வலைபோலக் கை விரித்து உட்கார்ந்திருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்களும் அவற்றின் உறவான டென்ட்ரிட்டிக் செல்களும் விழுங்கி, துண்டாக்கி, தங்கள் மேற்பரப்பில் மாட்டிக்கொள்கின்றன. பிறகு இடத்தை விட்டுக் கிளம்பி, நிணநீர் வழியாக அருகிலுள்ள நெறிகட்டிக்குப் போகின்றன. அங்கே ஆயிரக்கணக்கான டி செல்கள் வந்து அந்தத் துண்டை உரசிப் பார்த்துவிட்டுப் போகும். பொருத்தமான ஏற்பியுள்ள டி செல் லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான் இருக்கும். அது மாட்டிவிட்டால் பெருகத் தொடங்குகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, சில நாட்களில் ஒரு படையாகிவிடும். அதில் பெரும்பகுதி பிறகு அழிந்துபோகும். மிஞ்சுபவை நினைவு செல்கள்: முதல் சந்திப்பை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை வேகமாக வேலை செய்பவை. அவற்றில் சில ரத்தத்தில் சுற்றும். சில, பாதிக்கப்பட்ட தோலிலேயே நிரந்தரமாகத் தங்கிவிடும்.

பொருள் உள்ளே வந்தால் மட்டும் இது நடந்துவிடாது. கூடவே "இங்கே ஏதோ கெட்டிருக்கிறது" என்ற எச்சரிக்கையும் தேவை. வெடித்த தோல், ஓயாமல் ஈரத்தில் இருக்கும் கை, ஏற்கெனவே எக்சிமா என்ற தோல் அழற்சி உள்ள இடம் ஆகியவற்றில் அந்த எச்சரிக்கை ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் புண்ணான கையில் ஒவ்வாமை எளிதாகப் பிடித்துக்கொள்கிறது. அளவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மொத்தம் எவ்வளவு பட்டது என்பதைவிட, ஒரு சதுர சென்டிமீட்டரில் எவ்வளவு பட்டது என்பதுதான் முக்கியம்.

"பத்து வருஷமா இதைத்தானே போடுறேன், இப்ப எப்படி அலர்ஜி வரும்?" என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. உடம்பு முன்பின் பார்த்தேயிராத பொருளுக்குப் பொதுவாகத் தாமத ஒவ்வாமை வராது. பல வருடம் பழகியது என்பது அந்தப் பொருள் குற்றமற்றது என்பதற்குச் சாட்சியாகாது. பத்தாவது வருடத்தில் தோல் வெடித்திருந்த ஒரு வாரம் போதும்.

இரண்டாம் கட்டம்: மணிக்கணக்கில் என்ன நடக்கிறது

கற்றுக்கொண்ட உடம்பில் அதே பொருள் மறுபடி படுகிறது. முதல் சில மணி நேரம் வெளியே அமைதி. பொருள் மேலடுக்கைக் கடந்து, புரதத்தோடு ஒட்டி, துண்டாகி, அங்கே தங்கியிருக்கும் அல்லது அந்த வழியாகப் போகும் ஒரு சில நினைவு டி செல்களின் கண்ணில் பட வேண்டும்.

பட்டதும் அவை சைட்டோகைன்களை வெளியிடுகின்றன. சைட்டோகைன் என்பது ஒரு செல் மற்ற செல்களுக்கு ஆணையிடப் பயன்படுத்தும் சிறு புரதம். தாமத வினையில் முன்னணியில் நிற்பது இன்டர்ஃபெரான்-காமா. இந்த ஆணையால் பக்கத்து ரத்தக்குழாய்களின் உட்சுவர் ஒட்டும் தன்மை பெறுகிறது. ரத்தத்தில் போய்க்கொண்டிருக்கும் வெள்ளணுக்கள் அங்கே ஒட்டி, சுவரைக் கடந்து திசுவுக்குள் இறங்குகின்றன. அவற்றில் மோனோசைட்டுகள், திசுவுக்குள் வந்ததும் மேக்ரோபேஜ் ஆக மாறுகின்றன. கண்டதை விழுங்கும் பெரிய செல் அது. இன்டர்ஃபெரான்-காமா பட்டால் அதற்கு வெறி பிடித்ததுபோல் ஆகிவிடும். வந்து சேரும் கூட்டத்தில் பெரும்பான்மைக்கு அந்த நிக்கலையோ டையையோ பற்றி ஒன்றும் தெரியாது, கூப்பிட்டார்கள், வந்திருக்கிறார்கள். தூண்டியவை ஒரு கைப்பிடி, சேதம் செய்வது ஒரு பட்டாளம்.

கூடவே, கொல்லும் வகை டி செல்கள் ஹேப்டன் ஒட்டிய தோல் செல்களை நேரடியாகத் தாக்குகின்றன. தோல் செல்களுக்கு இடையே நீர் தேங்கி, பஞ்சுபோல் உப்பி, சிறு சிறு நீர்க்கொப்புளங்களாகிறது. 24 மணி நேரத்தில் சிவப்பும் அரிப்பும் நன்றாகத் தெரியும். 48 முதல் 72 மணிக்குள் உச்சம். பிறகு, கட்டுப்படுத்தும் செல்கள் ஆட்டத்தை அடக்கினாலும், தோல் தேற இரண்டு மூன்று வாரம் ஆகலாம்.

தடவிப் பார்த்தாலே இரண்டு வகையையும் பிரிக்க முடியும். உடனடி வகைத் தடிப்பு நீர் கோத்தது. மெத்தென்று இருக்கும், சில மணி நேரத்தில் சுவடில்லாமல் மறையும். தாமத வகை வீக்கத்தில் செல்கள் நிறைந்திருப்பதால் கட்டியாக இருக்கும். மறையும்போது தோல் உரியும், சில நாள் கருமையும் தங்கும்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: சிறிய பொருள் நம் புரதத்தோடு ஒட்டுகிறது. டி செல் அதைக் கற்றுக்கொள்ள இரண்டு வாரம் வரை ஆகிறது. மறுபடி பார்த்தால் ஒன்றிரண்டு நாளில் கூட்டம் சேர்ந்து தோலைக் கெடுக்கிறது. ஹிஸ்டமினுக்கு இதில் பெரிய பங்கு இல்லை.

இதே வினை, வேண்டுமென்றே: மாண்டூ டெஸ்ட்

காசநோய்க் கிருமியைச் சந்தித்த உடம்பில் அதற்கான நினைவு டி செல்கள் இருக்கும். அவை இருக்கின்றனவா என்று தோலில் கேட்டுப் பார்ப்பதுதான் மாண்டூ டெஸ்ட். காசநோய்க் கிருமியிலிருந்து 1890-இல் ராபர்ட் கோக் எடுத்த டியூபர்குலின் என்ற சாறு, மருந்தாகத் தோற்றது. சார்ல்ஸ் மாண்டூ 1908-இல் அதைத் தோலுக்குள் ஊசியாகப் போட்டுப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். இப்போது பயன்படுத்துவது அதன் சுத்திகரித்த புரதம். உயிருள்ள கிருமி எதுவும் அதில் இல்லை.

முன்கையின் உட்புறத்தில் 0.1 மில்லிலிட்டர், தோலுக்கு அடியில் போகாமல் தோலுக்குள்ளேயே நிற்கும்படி செலுத்த வேண்டும். சரியாகப் போட்டால் 6 முதல் 10 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெளிறிய சிறு மேடு உடனே எழும்பும். எழும்பவில்லை என்றால் மருந்து ஆழத்துக்குப் போய்விட்டது என்று பொருள். வேறு இடத்தில் மறுபடி போட வேண்டும். இந்த மேடு கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், அதற்கும் முடிவுக்கும் தொடர்பில்லை. 48 முதல் 72 மணிக்குள் போய்க் காட்ட வேண்டும்.

அளக்கும்போது நடக்கும் பெரிய தவறு, சிவப்பை அளப்பது. கணக்கில் சேர்வது கட்டியான பகுதி மட்டுமே, ஏனென்றால் செல்கள் கூடியிருப்பது அங்கேதான். ஒரு பால்பாயின்ட் பேனாவை வெளியிலிருந்து கட்டியை நோக்கி மெல்ல நகர்த்தினால், விளிம்பு வந்ததும் பேனா தட்டி நிற்கும். இரு பக்கமும் அப்படிக் கோடு போட்டு, கையின் குறுக்கே மில்லிமீட்டரில் அளப்பார்கள். ஆளைப் பொறுத்து எல்லை மாறும். எச்ஐவி உள்ளவருக்கு 5 மில்லிமீட்டரே பாசிட்டிவ், அபாயம் அதிகமுள்ள மற்றவர்களுக்கு 10, எந்த அபாயமும் இல்லாதவருக்கு 15 என்பது பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு கணக்கு.

பாசிட்டிவ் என்றால் உடம்பு அந்தக் கிருமியை அறிந்திருக்கிறது என்றுதான் பொருள். காசநோய் இப்போது இருக்கிறது என்று ஆகாது. பிசிஜி தடுப்பூசி போட்டவருக்கும் வரலாம். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. டி செல் பலம் குன்றியவருக்கு, அதாவது எச்ஐவி முற்றியவர், கடும் சத்துக்குறைவு உள்ளவர், அண்மையில் தட்டம்மை வந்தவர், ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர் ஆகியோருக்கு, நோய் இருந்தும் கை வெறுமையாக இருக்கலாம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தாமத வினை உடம்பின் கோளாறு என்று நினைப்பது தவறு. காசநோய், தொழுநோய் போன்றவற்றின் கிருமிகள் நம் செல்லுக்குள்ளேயே ஒளிந்து வாழ்பவை. அங்கே ஆன்டிபாடி எட்டாது. மேக்ரோபேஜுக்கு வெறியேற்றி அவற்றை அடக்க இந்த வழிதான் இருக்கிறது. அதே ஆயுதம் ஒரு காதணியின் மீது திரும்பும்போதுதான் அதை ஒவ்வாமை என்கிறோம்.

தாமதமாக வந்ததெல்லாம் தாமத வகையா?

இல்லை. குழப்பம் மிகுதியாக நடப்பது இங்கேதான். பெயரில் 'தாமதம்' இருப்பதால் கடிகாரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

சில வகை உண்ணி கடித்தவர்களுக்கு ஆடு, மாடு, பன்றி இறைச்சி சாப்பிட்ட மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தடிக்கும் ஒரு நோய் இருக்கிறது, ஆல்ஃபா-கேல் அலர்ஜி. தாமதமாக வந்தாலும் அது ஐஜிஇ வேலை, உயிருக்கு ஆபத்தான அனாஃபிலாக்சிஸ் வரை போகும். பால் குடித்துச் சில மணி நேரத்தில் வயிறு உப்புவது லாக்டோஸ் செரிக்காததால். அதில் எதிர்ப்பு மண்டலமே சம்பந்தப்படவில்லை. 'தாமத உணவு அலர்ஜி' என்று சொல்லி ரத்தத்தில் ஐஜிஜி என்ற இன்னொரு ரக ஆன்டிபாடியை அளந்து நீளப் பட்டியல் தரும் டெஸ்ட்டுகள் விற்கிறார்கள். ஐஜிஜி என்பது நாம் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறோம் என்பதையே பெரும்பாலும் காட்டும். தாமத ஒவ்வாமையில் ஆன்டிபாடிக்கு வேலை இல்லை என்று பார்த்தோம். ஆகவே அந்தப் பட்டியலைப் பார்த்து உணவை நிறுத்துவதில் அர்த்தமில்லை.

தோலில் இன்னொரு போலி உண்டு: எரிச்சல் அழற்சி. சோப்பு, பிளீச்சிங், ஓயாத தண்ணீர் இவை தோலை நேரடியாக அரித்துக் கெடுப்பது. இதில் நினைவு இல்லை, கற்றுக்கொள்ளும் கட்டம் இல்லை. போதிய அளவு பட்டால் யாருக்கும் வரும், பட்ட இடத்தோடு நிற்கும், அரிப்பைவிட எரிச்சல் முந்தும். வேலையால் வரும் கை அழற்சியில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். ஆனால் அரிபட்ட தோல் வழியே ஹேப்டன் எளிதாக நுழையும் என்பதால், இதுவே உண்மையான ஒவ்வாமைக்குக் கதவு திறந்துவிடுவதும் உண்டு.

ஒரே ரப்பர் கையுறை இரண்டு வகையையும் தரும் என்பது இந்த வேறுபாட்டைக் காட்ட நல்ல உதாரணம். மாட்டிய சில நிமிடத்தில் கை தடித்தால், மூச்சு இறுக்கினால், அது லேட்டக்ஸ் புரதத்துக்கு எதிரான ஐஜிஇ. மறுநாள் புறங்கையில் கொப்புளம் கிளம்பினால், பெரும்பாலும் ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் தையூராம் போன்ற ரசாயனத்துக்கு எதிரான டி செல். முதல் ஆளுக்கு லேட்டக்ஸ் இல்லாத கையுறை போதும். இரண்டாம் ஆளுக்கு அது போதாது. நைட்ரைல் கையுறையிலும் அந்த வகை ரசாயனம் இருக்கலாம்.

வழக்கமாகச் சிக்கும் பொருள்கள்

முதலிடம் நிக்கலுக்கு. காதணி, பெல்ட் பக்கிள், ஜீன்ஸ் பட்டன், கடிகாரத்தின் பின்பக்கம். உலோகம் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் வினை குறைவு. வியர்வை பட்டு அயனியாகக் கரைந்து வந்தால்தான் தோலுக்குள் போகும். அதனால்தான் கோடையில் பக்கிளுக்கு நேராகத் தொப்புளுக்குக் கீழே கறுத்துத் தடிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் உலோகத்தில் எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்று கேட்பதில்லை, எவ்வளவு கசிகிறது என்று கேட்கிறது: தோலோடு நெடுநேரம் ஒட்டியிருக்கும் பொருளுக்கு வாரத்துக்கு, சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராம், குத்திய துளையில் போடுவதற்கு 0.2. டைமெத்தில்கிளையாக்சைம் கரைசல் நனைத்த பஞ்சால் உலோகத்தைத் தேய்த்தால், நிக்கல் கசிகிறதென்றால் பஞ்சு இளஞ்சிவப்பாகும்.

அடுத்தது டை. இதே பாரா-ஃபினைலீன்-டைஅமீனைக் கலந்து 'கறுப்பு மருதாணி' என்று தோலில் வரைவார்கள். அங்கே ஒவ்வாமை பிடித்துக்கொண்டவர் பல வருடம் கழித்து முதன்முதலாக டை அடிக்கும்போது முகம் வீங்கி நிற்பார். சிமென்ட்டில் ஆறு இணைதிறன் குரோமியம்; இரும்பு சல்ஃபேட் சேர்த்து அதை அடக்கி, ஐரோப்பாவில் பத்து லட்சத்தில் 2 பங்குக்குள் வைக்கிறார்கள். வாசனைப் பொருள்கள், ஈரத் துடைப்பானிலும் ஷாம்புவிலும் கெடாமலிருக்கச் சேர்க்கும் மெத்தில்-ஐசோதயசோலினோன். பாய்சன் ஐவி என்ற அமெரிக்கக் கொடியின் பாலும் சேங்கொட்டையும் இதே வேலையைச் செய்யும், இரண்டும் ஒரே தாவரக் குடும்பம்.

தேடும்போது ஏமாற்றுபவை சில. நகப்பூச்சின் அலர்ஜி பெரும்பாலும் நகத்தருகே தெரியாது. கை போய்த் தொட்ட இமையில் தெரியும், ஏனென்றால் உடம்பிலேயே மெல்லிய தோல் அதுதான். புண்ணுக்குப் போடும் நியோமைசின் களிம்பே ஒவ்வாமை தரும். புண் ஆறாமல் பரவுகிறதே என்று இன்னும் கொஞ்சம் போடுவார்கள். ஸ்டீராய்டு களிம்புக்கே அலர்ஜி வருவதும் உண்டு. 'இயற்கையானது' என்ற லேபிளை டி செல் படிப்பதில்லை.

பேட்ச் டெஸ்ட்: கூட்டத்தைக் கூப்பிட்டுப் பார்ப்பது

1895-இல் யாடசோன் தொடங்கிவைத்த முறை. ஊசி கிடையாது. சுமார் 8 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு கிண்ணங்களில் சந்தேகப் பொருள்களை வாசலினிலோ தண்ணீரிலோ உரிய அளவில் கலந்து வைத்து, மேல்முதுகில் ஒட்டுவார்கள். நிக்கல் சல்ஃபேட் 5 சதவீதம், டையின் பாரா-ஃபினைலீன்-டைஅமீன் 1 சதவீதம் என்று ஒவ்வொன்றுக்கும் அளவு வகுத்திருக்கிறார்கள். 48 மணி நேரம் முதுகு நனையக் கூடாது, வியர்க்க விடக் கூடாது. பிறகு எடுத்துவிட்டு ஒரு முறை பார்ப்பார்கள். அதோடு முடிக்கக் கூடாது. மூன்றாம் அல்லது நான்காம் நாள் மறுபடி பார்க்க வேண்டும். நியோமைசின், ஸ்டீராய்டு, சில உலோகங்கள் ஏழாம் நாள்தான் தலைகாட்டும்.

இரண்டாம் முறை பார்ப்பதற்குக் காரணம் தாமதம் மட்டும் இல்லை. வெறும் எரிச்சல் என்றால், பட்டையை எடுத்ததும் நாளுக்கு நாள் வடியும். டி செல் வேலையென்றால் ஏறிக்கொண்டே போகும். ஒரே நாளில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அலர்ஜி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாலும் பேட்ச் டெஸ்ட் செய்யலாம். ஸ்டீராய்டு மாத்திரை, முதுகில் ஸ்டீராய்டு களிம்பு, அண்மையில் முதுகு வெயிலில் கருகியது ஆகியவை முடிவைக் கெடுக்கும். உடம்பில் எக்சிமா கொதித்துக்கொண்டிருக்கும்போது ஒட்டினால் பாதிக் கிண்ணம் பொய்யாகச் சிவக்கும். சோப்பு, ஷாம்புவை அப்படியே ஒட்டினால் யாருக்கும் புண்ணாகும். அவற்றை நீர்த்துத்தான் வைக்க வேண்டும். பாசிட்டிவ் வந்தாலும் ஒரு கேள்வி மீதமிருக்கிறது: அந்தப் பொருள் இப்போதைய தொல்லைக்குக் காரணமா, அல்லது என்றோ வந்த பழைய நினைவா?

வீட்டில் ஒரு கிரீமைச் சோதிக்க எளிய வழி உண்டு. தோலிலேயே தங்கும் கிரீம், லோஷனுக்கு மட்டும் இது பொருந்தும். டைக்கோ சோப்புக்கோ பொருந்தாது. முழங்கை மடிப்பருகே சுமார் 3 சென்டிமீட்டர் சதுரத்தில், ஒரே இடத்தில், தினம் இரண்டு வேளை, ஒன்று முதல் இரண்டு வாரம் தடவிப் பார்ப்பது. பொடிப்பொடியாக அரிக்கத் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும். ஒரு இரவு தடவிப் பார்த்து "ஒண்ணும் ஆகலை" என்று முடிவு செய்வது எதையும் நிரூபிக்காது.

சிகிச்சையில் எது வேலை செய்யும்

ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை ஹிஸ்டமினைத்தான் தடுக்கும். இங்கே அது முக்கியமில்லாததால், தூக்கத்துக்கு உதவலாம், வினையை நிறுத்தாது. செல் கூட்டத்தை அடக்குவது ஸ்டீராய்டு களிம்பு. பரப்பு அதிகமானால், முகம் வீங்கினால், டாக்டர் மாத்திரையாகத் தருவார், பொதுவாக இரண்டு மூன்று வாரத்துக்கு, படிப்படியாகக் குறைத்து. ஐந்து நாளில் நின்றால், தோலில் இன்னும் காத்திருக்கும் செல்கள் மறுபடி கிளம்பி, நோய் திரும்பும்.

கொப்புள நீர் பட்டால் பரவும் என்பது பொய். அதில் ஹேப்டன் இல்லை. நாளுக்கு ஒரு இடமாகக் கிளம்புவது, மெல்லிய தோலில் முந்தியும் தடித்த தோலில் பிந்தியும் வருவதால், அல்லது துணியிலும் நகக்கண்ணிலும் ஒட்டிய பொருள் இன்னும் பட்டுக்கொண்டிருப்பதால். நினைவு செல்கள் பல வருடம், பலருக்கு ஆயுள் முழுக்க இருக்கும். அதை அழிக்கும் மருந்து இல்லை. பொருளைத் தவிர்ப்பதுதான் வழி, அதற்குப் பொருளின் பெயர் தெரிந்தாக வேண்டும்.

மருந்து உள்ளே போகும்போது

மாத்திரைகளும் இதே பாதையில் ஒவ்வாமை தரும். முதன்முறை எடுப்பவருக்கு, தொடங்கிய 4 முதல் 14 நாளில் நெஞ்சிலும் முதுகிலும் சிவந்த பொரிகள் கிளம்பும். உடம்பு கற்றுக்கொள்ளும் நாள் அதில் அடங்கியிருக்கிறது. ஏற்கெனவே கற்ற உடம்பென்றால் ஒன்றிரண்டு நாளில் வந்துவிடும். அதனால் பொரி கிளம்பிய அன்று புதிதாகப் போட்ட மாத்திரையைவிட, போன வாரம் தொடங்கிய ஆன்டிபயாட்டிக் மேல்தான் சந்தேகம் முதலில் போக வேண்டும்.

பெரும்பாலும் இது அரித்து உதிர்ந்து போகும். சில சமயம் போகாது. காய்ச்சல், முகவீக்கம், நெறிகட்டுதல், வாய், கண், பிறப்புறுப்பில் புண், அரிப்புக்குப் பதில் தோலில் வலி, கொப்புளம், தொட்டால் தோல் உரிதல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோல் தாள்தாளாகக் கழன்றுவிடும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் நான்கு வாரத்துக்குள் வரும். கல்லீரல், சிறுநீரகம் வரை தாக்கும் ட்ரெஸ் என்ற வகை இரண்டு முதல் எட்டு வாரத்தில். வலிப்பு மருந்துகளும் யூரிக் அமிலத்துக்கான அல்லோபியூரினாலும் இவற்றில் அடிக்கடி பிடிபடுபவை. யாருக்கு வரும் என்பதில் மரபணுவுக்குப் பங்குண்டு. டி செல்லுக்குத் துண்டுகளை எடுத்துக்காட்டும் எச்எல்ஏ என்ற தாங்கி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வடிவம். எச்ஐவி மருந்தான அபாகாவிருக்கு முன் எச்எல்ஏ-பி 57:01 இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. வலிப்பு மருந்தான கார்பமசெபினுக்கு, ஆசிய வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படும் எச்எல்ஏ-பி 15:02-ஐப் பார்க்கிறார்கள். இப்படிக் கடுமையாக வந்த மருந்தை "கொஞ்சமாகப் போட்டுப் பார்ப்போம்" என்று மறுபடி தொடவே கூடாது.

டாக்டரிடம் போகும்போது எடுத்துப்போக வேண்டியது, கடந்த எட்டு வாரத்தில் எடுத்த எல்லா மருந்தின் பெயர், ஒவ்வொன்றும் தொடங்கிய தேதி, பொரி முதலில் தெரிந்த தேதி. நாட்டு மருந்து, விட்டமின், கடையில் தானாக வாங்கிய வலி மாத்திரை எல்லாமும் சேர்த்து. சந்தேகப்பட்ட மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று நாள் பொரி கூடிக்கொண்டே போகலாம். அதை வைத்து அந்த மருந்து காரணமில்லை என்று மறுபடி தொடங்கிவிடக் கூடாது. மருந்து நின்றாலும், அதற்காக ஏற்கெனவே தோலுக்குள் இறங்கிவிட்ட செல்கள் உடனே கலைந்து போவதில்லை.